மோரியில் ஓர் அணைக்கட்டு

அம்மா வாசலை மறித்து நின்றாள். ஒரு கை இடுப்பில். மறு கையில் அடிபிடித்த சோற்றுப்பானை. அவள் காலடியில் கழுவாத பாத்திரங்கள் குவிந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். நானும் மணியும் மோரிக்குள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் இருவருக்கும் நடுவே, ஈரக் களிமண்ணில் ஓர் அணைக்கட்டு.

"ஏல, ராசாவுக்கு அணை கெட்டணும்னா ராசா ஊர்ல போயி கெட்டு. எம் மோரியில என்னத்துக்குல கெட்டுத? நான் பாத்திரத்த எங்கன கொண்டு போயி வெளக்க? ஒன் தலையிலயா?"

"இன்னும் கொஞ்ச நேரம்மா."

"காலையிலயும் இதத்தான் சொன்ன."

மணி தலை நிமிராமல் செம்பிலிருந்து தண்ணீரைச் சரிவாக விட்டுக்கொண்டிருந்தான். அவன் மாதுங்காக்காரன், பாலக்காட்டுப் பிராமணக் குடும்பம். ஆபீசில் எனக்கு அடுத்த மேஜை. அம்மாவின் குரல் ஏற ஏற அவன் என் பக்கம் சாய்ந்தான்.

"டேய், நான் ஆத்துக்குப் போயிடட்டுமா?" என்று என் காதில் கேட்டான்.

"விட்டுட்டுப் போனா நாளைக்கு நான் வீட்டுக்குப் போகணும். மொத்தமா."

அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. மறுநாள் காலை ஓர் அணைக்கட்டின் படம் சரியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் என் வேலை போய்விடும். அந்தக் கதைதான் இந்த வாரம்.

முலுண்ட் வாசகருக்கு

அதற்கு முன் ஒரு பதில் பாக்கி இருக்கிறது. முலுண்டிலிருந்து ஒரு வாசகர், 'இருபத்தெட்டு வயதுக்காரருக்கு நினைவுக் குறிப்புகள் எதற்கு?' என்று கேட்டு எழுதியிருந்தார். நியாயமான கேள்வி. எங்கள் குடும்பத்தில் எனக்கு முன்னால் எழுதப் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. அதனால் வீட்டு நினைவுகள் மொத்தமும் என் பங்குக்கு வந்துவிட்டன. கனம் அதிகம். சீக்கிரமே இறக்கிவைக்கத் தொடங்கினால்தான் முடியும்.

இன்னொன்று. மோரி என்றால் என்ன என்று பம்பாய்க்கு வெளியே இருப்பவர்கள் கேட்கலாம். எங்கள் சாலில், அதாவது வரிசைக் குடியிருப்பில், எல்லாம் ஒற்றை அறை வீடுகள். அறையின் ஒரு மூலையில் கல் பாவி, சுற்றிலும் ஒரு சாண் உயரத்துக்குத் திட்டுக் கட்டி, சுவரோரம் தண்ணீர் போக ஓர் ஓட்டை விட்டிருப்பார்கள். அதுதான் மோரி. குளிப்பது, பாத்திரம் துலக்குவது, துணி கசக்குவது எல்லாம் அங்கேதான். வந்த விருந்தாளி குளிக்கும்போது வீட்டிலுள்ள மற்ற அனைவரும் தெருவில் நின்று வானத்தைப் பார்ப்போம்.

தாராவியில் வளர்ந்த எவனுக்கும் மோரி என்றால் அந்த மூலைதான். வேறு அர்த்தம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. எல்லாம் அங்கிருந்து வந்த வினை.

ஆற்றைப் பார்க்காத எஞ்சினியர்

அய்யாவுக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் வேலை. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறிய தோலை மரக்கட்டையில் போட்டு மயிரும் சதையும் சுரண்டுவார். சுண்ணாம்பு தின்ற அவர் விரல்களில் ரேகையே கிடையாது. எங்கேயாவது கைநாட்டு வைக்கச் சொன்னால், "வச்சாலும் ஒண்ணும் விழாதுய்யா" என்று சிரிப்பார்.

திருநெல்வேலிச் சீமையிலிருந்து என்னைக் கைக்குழந்தையாகத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள். ஆகவே எனக்குத் தெரிந்த தண்ணீரெல்லாம் குழாய்த் தண்ணீர். அதுவும் வந்தால் உண்டு. மழைக்காலத்தில் மாஹிம் ஓடை பொங்கி, தோல் நாற்றத்தோடு தெருவுக்குள் வரும். இவ்வளவுதான் நான் பார்த்த வெள்ளம். முனிசிபல் பள்ளிக்கூடத்தில் தமிழ் படித்து, மாதுங்காவில் ஹைஸ்கூல் முடித்து, அங்கேயே சிவில் எஞ்சினியரிங் டிப்ளமா வாங்கி, அணைகளின் கணக்கை எல்லாம் மனப்பாடம் செய்து முடிக்கும் வரை ஓர் உண்மையான அணையை என் கண்ணால் பார்த்ததில்லை.

"ஆத்தையே பாக்காதவன் அணை கெட்டப் போறானாம்" என்று எங்கள் சாலில் கேலி நடக்கும். அய்யா விட்டுக்கொடுக்க மாட்டார்.

"இந்தப் பம்பாய்ல பல்லு வைத்தியரு பூராவும் பல்லுவலி வந்தவனாவே? சும்மா கெடங்க."

யுத்தம் முடிந்து, ரேஷன் மட்டும் முடியாமல் இருந்த சமயம். கோட்டைப் பகுதியில் ஒரு சின்ன எஞ்சினியரிங் ஆபீசில் எனக்கு இடம் கிடைத்தது. தக்காணத்துச் சின்னச் சமஸ்தானங்களுக்கு அணைகளும் அணைக்கட்டுகளும் வரைந்து கொடுப்பது தொழில். முதலாளி பெஸ்தன்ஜி என்ற பார்சிக்காரர். வெள்ளை டிரவுசர், கறுப்புக் குல்லா, எப்போதும் பெப்பர்மின்ட் வாசனை. கோபம் வந்தால் குஜராத்தியில் திட்டுவார். சந்தோஷம் வந்தாலும் அதே வார்த்தைகள்தான். முகத்தைப் பார்த்து நாம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

அணைக்கும் அணைக்கட்டுக்கும் என்ன வித்தியாசம் என்று அய்யா ஒருநாள் கேட்டார். அணை தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அணைக்கட்டு குறுக்கே படுத்துக்கொண்டு, தண்ணீர் மட்டத்தைக் கொஞ்சம் உயர்த்திப் பக்கத்து வாய்க்காலில் திருப்பிவிட்டு, மிச்சத்தைத் தன் முதுகின் மேல் போகவிடும் என்று சொன்னேன்.

"முதுகு மேல போவ விடுமா? அப்பம் அது நம்ம சாதிதான்" என்றார் அய்யா. சொல்லிவிட்டு அவரே ரசித்துச் சிரித்தார்.

உஜவீகடே மோரி

சேர்ந்து சில மாதங்கள் நான் தற்காலிகம்தான். பிறர் கணக்கைச் சரிபார்ப்பேன், பிறர் படத்துக்கு மை போடுவேன். ஒருநாள் பெஸ்தன்ஜி என்னைக் கூப்பிட்டார். அவர் அறையில் வெயிலில் கறுத்த, ஒல்லியான ஒருவர் உட்கார்ந்திருந்தார். தேஷ்பாண்டே, ஒரு சமஸ்தானத்தின் எஞ்சினியர். அவர்கள் ஊரில் சின்ன ஆறு ஒன்று. குறுக்கே அணைக்கட்டு வேண்டும், வலது கரையில் வாய்க்கால் பிரிய வேண்டும்.

"திக்ரா, இது உன் வேலை" என்றார் பெஸ்தன்ஜி. திக்ரா என்றால் மகனே. "முழுசும் நீயே போடு. இந்த ராவ்சாஹேப் ஒத்துக்கொண்டால் நீ பக்கா. இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்."

பக்கா என்றால் நிரந்தரம். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு மற்றதெல்லாம் காதில் பாதிதான் விழுந்தது. தேஷ்பாண்டே மராத்தியில் வேகமாகப் பேசினார். ரயிலுக்கு நேரமாகிவிட்டது அவருக்கு. வரைபடத்தில் வலது கரையைத் தொட்டு, வாய்க்கால் பிரிகிற இடத்துக்குப் பக்கத்திலேயே விரலால் தட்டினார்.

"உஜவீகடே மோரி டேவா."

வலது பக்கம் மோரி வையுங்கள். அட, இது எனக்குப் புரிகிற மராத்தி! "ஹோ சாஹேப்" என்றேன், உற்சாகமாக.

எவ்வளவு நல்ல மனிதர் என்று ரயிலில் வரும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். ராஜா, அணை, வாய்க்கால் என்று பெரிய பேச்சுக்கு நடுவே, ஆற்றுக்கு வரும் பெண்கள் பாத்திரம் துலக்க, துணி துவைக்க ஓர் இடம் வேண்டும் என்று ஞாபகமாகச் சொல்கிறாரே!

அணைக்கட்டின் கணக்கைச் சுத்தமாகப் போட்டேன். அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு மோரிக்கு வந்தேன். இதற்குப் புத்தகம் கிடையாது. அம்மாவைக் கேட்டேன்.

"ஆத்தங்கரையில மோரின்னா எப்படிம்மா இருக்கணும்?"

"ஆத்தங்கரையில மோரி எதுக்கு?"

"ராஜா கேக்கார்."

ராஜா என்றதும் அம்மா அரிசி புடைப்பதை நிறுத்திவிட்டாள். "அப்பம் கேட்டுக்க. கல்லு வழுவழுன்னு இருக்கப்பிடாது, சறுக்கும். லேசா சரிவு வேணும். ஓரத்துல திட்டு இல்லன்னா சின்னச் சாமானெல்லாம் தண்ணியோட போயிரும். சவுக்காரம் வைக்க ஒரு பெறை விடச் சொல்லு. இங்கன பாரு, வைக்க எடமில்லாம தெனம் ஒரு துண்டு ஓட்டைக்குள்ள போவுது."

பேச்சியக்கா பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "குனிஞ்சே நின்னா நடு முதுகு விட்டுப்போவும். ஒரு படி ஒசத்தி வைக்கச் சொல்லுங்க மதினி" என்றாள்.

எல்லாவற்றையும் வரைந்தேன். சொரசொரப்பான கல் தளம், சரிவு, திட்டு, படி, சவுக்காரப் பிறை. மேலே ஆங்கிலத்தில், என் கையெழுத்திலேயே அழகான எழுத்துகளில், 'மோரி' என்று எழுதினேன். பெஸ்தன்ஜி கணக்கைப் புரட்டினார், அணைக்கட்டின் குறுக்குவெட்டைப் பார்த்தார், 'மோரி' என்ற எழுத்தைப் பார்த்துத் தலையாட்டினார். எழுத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதை அன்றே முடிந்திருக்கும்.

சனிக்கிழமைச் சிரிப்பு

தேஷ்பாண்டே ஒரு சனிக்கிழமை வந்தார். படத்தை விரித்ததும் முகம் மலர்ந்தது. அணைக்கட்டின் வளைவை விரலால் தடவிப் பார்த்தார். "சாங்க்லா" என்றார்; நன்றாக இருக்கிறது. வலது கரைக்கு வந்தார். "மோரி. சரி." பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"இந்த மோரிக்குக் கதவு எங்கே?"

கதவா? ஆற்றங்கரையில் வெட்டவெளியில் துணி துவைக்கக் கதவு எதற்கு என்று எனக்குக் குழப்பம். "மறைப்பு வேண்டுமானால் ஒரு சுவர் எழுப்பலாம் சாஹேப்" என்றேன்.

"இது என்ன, சுவரில் ஒரு குழி?"

"சோப்பு வைக்க."

தேஷ்பாண்டே பெஸ்தன்ஜியைப் பார்த்தார். பெஸ்தன்ஜி படத்தைப் பார்த்தார். அப்புறம் இருவரும் ஒரே சமயத்தில் சிரிக்கத் தொடங்கினார்கள். பெஸ்தன்ஜிக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, மணி தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். அவனுக்கும் விஷயம் தெரிந்து, அவன் சிரித்ததில் தண்ணீர் பாதி தரையில்.

மராத்தியில் அணை கட்டுகிறவர்களுக்கு மோரி என்றால் மடை. அணைக்கட்டின் ஓரத்தில், கதவு போட்டுத் திறந்து மூடுகிற துவாரம். வாய்க்கால் வாயில் சேரும் வண்டலையும் மணலையும் ஆற்றின் கீழ்ப்பக்கம் அடித்துத் தள்ளிவிடுவதுதான் அதன் வேலை. மணல்போக்கி. அதை ஆங்கிலப் பெயரில் படித்து, பரீட்சையில் ஒரு கேள்விக்கு முழுப் பதில் எழுதியவன் நான். படம் போடும்போது, 'மணல்போக்கி கேட்கவில்லையே' என்று எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. 'சின்ன சமஸ்தானம்டா, செலவுக்குப் பயந்துண்டு வேண்டாம்னு விட்டிருப்பா' என்று மணி சமாதானம் சொல்லியிருந்தான்.

சிரிப்பு அடங்கியதும் தேஷ்பாண்டேயின் முகம் மாறிவிட்டது.

"கேளும். எங்கள் பழைய அணைக்கட்டில் ஒரே மழைக்காலத்தில் வாய்க்கால் வாய் வண்டலால் அடைத்துக்கொண்டது. கீழே இருந்த வயலெல்லாம் காய்ந்தது. குடியானவர்கள் என்னைத்தான் கேட்டார்கள். இந்த முறை வாய் அடைக்காது என்று எனக்கு யாராவது நம்பிக்கையாகச் சொல்ல வேண்டும். திங்கட்கிழமை காலை வருகிறேன். மோரி போட்டு வையுங்கள். எனக்கு நம்பிக்கை வரவில்லை என்றால் வேறு ஆபீஸ் பார்ப்பேன்."

அவர் போனதும் பெஸ்தன்ஜி ஒரு பெப்பர்மின்ட்டை வாயில் போட்டுக்கொண்டார். திட்டவில்லை. அது நல்லதுக்கில்லை என்று எனக்குத் தெரியும்.

"அவர் வேறு ஆபீஸ் பார்த்தால் நீயும் பார்க்க வேண்டியதுதான், திக்ரா."

தோல் சுவர்

மடையை வரைந்துவிடலாம். அதற்கு அரை நாள் போதும். அது வண்டலை அடித்துப் போகுமா என்பதுதான் கேள்வி. பெரிய இடங்களில் மாதிரி செய்து தண்ணீர் விட்டுப் பார்க்கிறார்கள். எங்கள் ஆபீசில் அதற்கு வழியில்லை. ஞாயிறு காலை கும்பார்வாடாவுக்குப் போய், பானை செய்கிற குஜராத்திக்காரர் ஒருவரிடம் களிமண் கேட்டு வாங்கி வந்தேன். அளவெடுத்துக் கட்ட வீட்டில் ஒரே ஓர் இடம்தான் இருந்தது.

மணி ரயில்பாலத்தைத் தாண்டி மாதுங்காவிலிருந்து நடந்தே வந்தான். தோல் ஷாப்புகளின் பக்கம் வரும்போது மூக்கில் கைக்குட்டை. வீட்டு வாசலுக்கு வந்ததும் அதை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். நானும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "தம்பி, நம்ம வீட்ல டீ குடிப்பீயளா?"

"நன்னா சூடா இருந்தா ரெண்டு கிளாஸ் குடிப்பேன் மாமி" என்றான் மணி. அம்மாவை அதற்கு முன் யாரும் மாமி என்று கூப்பிட்டதில்லை. அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள். டீ வெல்லமாக இனித்தது.

ஆனால் மத்தியானத்துக்குள் அந்த மரியாதையெல்லாம் கரைந்துவிட்டது. தண்ணீரில் வண்டலுக்குப் பதிலாகப் பாத்திரம் துலக்கும் சாம்பலைக் கலந்து விட்டோம். களிமண் அணைக்கட்டின் வலது ஓரத்தில் வாய்க்காலுக்கு ஒரு பிளவு; அதன் காலடியில் மடைக்கு ஒரு துவாரம், துணி அடைத்து. சாம்பல் நேராக வாய்க்கால் வாயில் போய்ப் படிந்தது. துணியை உருவினால், மடைக்கு முன்னால் உள்ளங்கை அளவுக்கு மட்டும் சுத்தமானது. மற்றச் சாம்பல் அசையவில்லை. மடையைப் பெரிதாக்கினோம். உள்ளங்கை இரண்டு உள்ளங்கை ஆனது. அவ்வளவுதான். தேஷ்பாண்டேயின் பழைய அணைக்கட்டு எப்படி அடைத்திருக்கும் என்று எங்கள் மோரியிலேயே தெரிந்தது.

அப்போதுதான் அம்மா அடிபிடித்த பானையோடு வந்து நின்றாள். தொடக்கத்தில் நான் சொன்ன காட்சி.

அவளுக்குப் பின்னால் அய்யா வந்தார். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் கலைந்த முகம். "என்னல சத்தம்?" என்று கேட்டு, மோரிக்குள் எட்டிப் பார்த்தார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். இந்த ஓரத்தில் மட்டும் தண்ணீர் அடங்கி நிற்க வேண்டும், மடையைத் திறந்ததும் இந்த ஓரம் மட்டும் வேகமாக ஓட வேண்டும். அதற்கு ஒரு தடுப்புச் சுவர் வைத்து இந்தப் பக்கத்தைச் சந்து மாதிரி பிரிக்க வேண்டும். பெரிய ஆற்று அணைக்கட்டுகளில் வைப்பார்கள் என்று படித்திருக்கிறேன். சின்ன அணைக்கட்டுக்கு யாரும் வைப்பதில்லை. களிமண்ணில் அவ்வளவு மெல்லிசாகச் சுவர் நிற்கவில்லை, கரைந்துவிடுகிறது.

"மெல்லிசா, வெறப்பா, தண்ணியில கரையாததா வேணும். அவ்வளவுதான?" என்றார் அய்யா. கட்டிலுக்கு அடியிலிருந்து செருப்பு அடிப்பாகத்துக்கு ஆகிற தடித்த தோல் துண்டு ஒன்றை இழுத்துப் போட்டார். "இதுக்குப் பதினஞ்சு வருசம் படிக்கணுமாடே?"

"படிச்சதாலதான என்ன வேணும்னு கேக்கத் தெரியுது" என்றேன்.

"அது செரிதான்" என்று ஒப்புக்கொண்டார்.

தோலை நிமிர்த்திக் களிமண்ணில் செருகினேன். மணி தண்ணீர் விட்டான். மடை மூடியிருந்தபோது சந்துக்குள் தண்ணீர் ஆடாமல் நின்றது. சாம்பல் மெதுவாக அடியில் இறங்கியது. வாய்க்காலுக்குள் தெளிந்த தண்ணீர் போனது. துணியை உருவினேன். சந்து முழுவதும் ஒரு இழுப்பு. சாம்பல் ஒரு கறுப்பு வாலைப் போல நீண்டு, மடைக்குள் நுழைந்து, மோரி ஓட்டை வழியாகத் தெருச் சாக்கடைக்குப் போய்ச் சேர்ந்தது. கல் பளிச்சென்று தெரிந்தது.

மணி செம்பைக் கீழே போட்டுவிட்டு என் தோளைப் பிடித்து உலுக்கினான். "போயிடுத்துடா! சுத்தமாப் போயிடுத்து!"

"இப்பிடிச் சாம்பல் போவும்னா இந்தத் தோலு இங்கனயே நிக்கட்டும்" என்றாள் அம்மா. அதற்குள் அவளும் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கியிருந்தாள்.

ராஜா கல்லில் கட்டப் போகிறார். தேவைக்கு மேல் நீளம் கூடாது. அய்யா தன் வளைந்த கத்தியால் தோலைக் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கினார். ஒவ்வொரு நறுக்குக்கும் நாங்கள் தண்ணீர் விட்டோம். ஒரு நறுக்கில் சாம்பல் தங்கிவிட்டது. அதற்கு ஒரு விரல் முந்திய நீளத்தைக் குறித்துக்கொண்டேன். மோரியில் நடப்பதெல்லாம் ஆற்றில் அப்படியே நடந்துவிடாது என்று எனக்குத் தெரியும். சாம்பல் வேறு, மணல் வேறு. சின்னத் தண்ணீரின் குணம் வேறு. ஆனால் தப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை மோரி காட்டிக்கொடுத்துவிடும். தோலின் முனையில் தண்ணீர் சுழன்று களிமண்ணை அரித்துப் பள்ளம் போட்டிருந்ததையும் பார்த்துவைத்துக்கொண்டேன்.

பக்கா

திங்கட்கிழமை தேஷ்பாண்டே நின்றபடியே படத்தைப் பார்த்தார். உட்காரவே இல்லை.

"இவ்வளவு சின்ன அணைக்கட்டுக்குத் தடுப்புச் சுவரா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

"புத்தகத்தில் இல்லை சாஹேப். தண்ணீர் விட்டுப் பார்த்தேன்."

"எங்கே?"

நான் பெஸ்தன்ஜியைப் பார்த்தேன். வேறு வழியில்லை. "மோரியில்."

"எந்த மோரியில்?"

"வீட்டு மோரியில்."

பெஸ்தன்ஜி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தேஷ்பாண்டே சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வெள்ளத்தில் இந்தச் சுவரின் மூக்கு என்ன ஆகும்?"

"அரிக்கும். களிமண்ணில் பள்ளம் விழுந்ததைப் பார்த்தேன். அதனால் மூக்கைச் சுற்றிப் பெரிய கல் பாவியிருக்கிறேன். இதோ. சுவரின் அஸ்திவாரத்தையும் இந்த இடத்தில் ஆழமாக இறக்கியிருக்கிறேன்."

அவர் பென்சிலை எடுத்துத் தாமே கணக்குப் போட்டார். மணி தன் மேஜையில் ஒரே கோட்டுக்கு மூன்று தடவை மை போட்டுக்கொண்டிருந்தான். கடைசியில் தேஷ்பாண்டே பென்சிலைக் கீழே வைத்தார்.

"வாய் அடைக்காது" என்றார். என்னிடம் கேட்கவில்லை, தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். பிறகு கையெழுத்துப் போட்டார். எழுந்திருக்கும்போது, படத்தின் ஓரத்தில் நான் அவசரத்தில் அழிக்காமல் விட்டிருந்த பழைய மோரியைத் தட்டினார். "சோப்புக் குழியோடு இதை மட்டும் எடுத்துவிடும். எங்கள் திவான் இதைப் பார்த்தால் என்னைக் குளிக்க அனுப்பிவிடுவார்."

பிளேடை எடுத்து, மெல்லிய துணியில் மையால் போட்டிருந்த படத்திலிருந்து அந்தக் கல் தளத்தையும் படியையும் பிறையையும் சுரண்டி எடுத்தேன். மை போன இடம் லேசாகப் பஞ்சு பூத்தது. பெஸ்தன்ஜி என் முதுகில் ஒரு அறை வைத்து, குஜராத்தியில் இரண்டு கெட்ட வார்த்தை சொன்னார். முகத்தைப் பார்த்தேன். பக்கா.

மாதுங்காவில் இறங்கி, மணியோடு ஒரு காபி கிளப்பில் காபி குடித்துவிட்டு, பாலம் தாண்டி வீட்டுக்கு நடந்தேன். கால் தரையில் பட்ட ஞாபகமில்லை. நான் சொன்னதையெல்லாம் அய்யா நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார். "இனிமே ஒன்னய யாரும் போன்னு சொல்ல முடியாதுல்லா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார். தன்னை எந்த நேரத்திலும் யாரும் போ என்று சொல்லலாம் என்ற நிலைமையிலேயே அத்தனை வருடம் வேலை பார்த்தவர் அவர்.

அம்மா வேறு கேள்வி கேட்டாள். "நாஞ் சொன்ன எடம் என்னாச்சு?"

"எந்த இடம்?"

"பாத்திரம் வெளக்குத எடம். படி வச்சு, பெறை வச்சு."

"அது வேண்டாம்னுட்டாங்கம்மா. எடுத்தாச்சு."

அம்மாவின் முகம் சுண்டிவிட்டது. "தண்ணிக்கு வளி விட்டாச்சு, மண்ணுக்கு வளி விட்டாச்சு, வாய்க்காலுக்கு வளி விட்டாச்சு. அந்த ஊர்ப் பொம்பளையளுக்குத்தான் எடமில்லியோ? அவளுவ அந்தரத்துல நின்னா தொவைப்பாளுவ? நீயும் எஞ்சினியருதான?"

அவள் கேட்டதில் கணக்குப் பிழை ஏதும் இல்லை.

மறுநாள் பெஸ்தன்ஜி முன்னால் போய் நின்றேன். வாய்க்கால் வாய்க்குக் கீழே கரையில் எப்படியும் கல் பாவித்தான் ஆக வேண்டும். அந்தக் கல்லையே படியாக அடுக்கினால் செலவு ஏறாது என்றேன்.

"நேற்றுத்தான் பக்கா ஆனாய். இன்றைக்கே வாதாட வந்துவிட்டாயா?" என்றார். கொஞ்சம் யோசித்தார். "போடு. ஆனால் மோரி என்று எழுதினால் கையை ஒடிப்பேன்."

'கரைப் படிகள்' என்று எழுதினேன். பிறையையும் மறக்கவில்லை. அதற்குப் பெயர் எழுதாமல் விட்டேன்.

ஊர் வைத்த பெயர்

இரண்டு மழைக்காலம் போயிருக்கும். வேறு ஒரு வேலையாக தேஷ்பாண்டே ஆபீசுக்கு வந்தார். நேரே என் மேஜைக்கு வந்து, ஒரு பொட்டலம் வெல்லத்தை வைத்தார். புது வாய்க்கால் பாய்ந்த கரும்பு என்றார். வாய் அடைக்கவில்லை. வாரத்துக்கு ஒருமுறை மடைக்காரன் கதவைத் தூக்கினால் போதும். சேறு கறுப்பாகச் சீறிக்கொண்டு வெளியே போகிறது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் வருகிறது.

"அணைக்கட்டுக்கு மஹாராஜாவின் தகப்பனார் பெயர் வைத்துக் கல் நட்டிருக்கிறோம். ஒருத்தரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை" என்றார். "உம்முடைய படிகளில் காலையிலிருந்து பெண்கள் கூட்டம். சோப்புக் குழிக்குச் சண்டையே நடக்கிறது. இது யார் கட்டியது என்று மேஸ்திரியைக் கேட்டிருக்கிறார்கள். பம்பாயில் ஒரு மதராசி எஞ்சினியர், அவர் வீட்டு மோரியைப் பார்த்துப் போட்டது என்று அவன் கதையையெல்லாம் சொல்லிவிட்டான். இப்போது அதற்குப் பெயர் மதராசி மோரி. துணி மூட்டையைத் தூக்கினால், 'எங்கே போகிறாய்?', 'மதராசி மோரிக்கு.' அணைக்கட்டுக்கே அந்தப் பெயர் வந்துவிடும் போலிருக்கிறது."

வெல்லத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அம்மா மோரியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன்: படி, பிறை, பெண்கள் கூட்டம், சண்டை. அவள் கை சாம்பலோடு அப்படியே நின்றது. கண்ணில் தண்ணீர் தளும்பிவிட்டது என்று நினைக்கிறேன். கடைசியாகப் பெயரையும் சொன்னேன்.

"என்ன பேரு? இன்னொரு மட்டம் சொல்லு."

"மதராசி மோரி."

அம்மா கையிலிருந்த கரண்டியை ணங்கென்று கல்லில் போட்டாள்.

"மதராசியா? அளவு சொன்னது யாருல? மதராசுக்காரியா வந்து சொன்னா? திருநேலிக்காரின்னு ஒரு வார்த்த அவருகிட்ட சொல்லதுக்கு ஒனக்கு வாயில்லாமப் போச்சா?"